நெருக்கடிக் காலத்திற் கலைத்துறைக் கல்வி: இலங்கைப் பல்கலைக்கழக வரலாற்றினூடாக ஒரு நோக்கு

2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கடதாசித் தட்டுப்பாட்டின் காரணமாக மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அடுத்த மாதம் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துதலை இடைநிறுத்துவதாக இலங்கை அரசாங்கம் அறிவித்தது. எரிபொருளுக்கும் சமையல் வாயுவுக்கும் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற அக்காலத்திலும் அதன் பின்னரும், பல்கலைக்கழகக் கலைப்பீடங்களை நோக்கி ஒரு வினா முன்னரிலும் உரத்த குரலில் எழுப்பப்பட்டு வருகின்றது. தமிழும் வரலாறும் மெய்யியலும் கற்பதால் நாட்டுக்கு விளையும் பயன் யாது? அரிசிக்கும் மருந்துக்கும் வழியில்லாதபோது பழஞ்சுவடிகளைப் புரட்டுவதற்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா? கேட்போரிற் பலர் கலைத்துறையின் பகைவரல்லர். தம் பிள்ளைகளைக் கலைப்பீடத்துக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் பட்டம் பெற்றபின் ஆண்டுக்கணக்கில் நியமனத்துக்குக் காத்திருப்பதைக் கண்ட பெற்றோரும் அவ்வாறு கேட்கின்றனர். ஆதலின் அவ்வினாவை அலட்சியம் செய்வது முறையாகாது.

எனினும் அவ்வினா புதியதன்று. நமது நாட்டில் உயர்கல்வி வேரூன்றிய காலந்தொட்டே, பொருள் முட்டுப்பாடு நேரும்போதெல்லாம் அது எழுந்துள்ளது. முட்டுப்பாடு தளர்ந்ததும் மறக்கப்பட்டுள்ளது. எந்நிலைகளில் அது எழுந்தது, அப்போது கலைத்துறையினர் செய்தவை யாவை, செய்யாது விட்டவை யாவை என்பனவற்றை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கலைத்துறை என இங்கு நாம் கருதுவது பெரிதும் மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல், சமயம், நுண்கலை ஆகிய மனிதப் பண்பியற் கற்கைகளையே. நமது பல்கலைக்கழகங்களிற் புவியியல், பொருளியல், சமூகவியல் முதலியனவும் பெரும்பாலும் இவற்றோடு ஒரே பீடத்தில் அடங்குவதால், சில இடங்களில் அவற்றையும் சேர்த்து நோக்க வேண்டியுள்ளது.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு ஏப்பிரில் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றுபோக, உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அச்சம் மிகுந்த மக்கள் தலைநகரை விட்டு உள்ளூர்களுக்குப் பெயர்ந்தனர். குண்டு வீச்சு நிகழ்ந்து மூன்று மாதம் நிரம்புமுன் ஒரு நாடு தனக்கென முதலாவது பல்கலைக்கழகத்தை நிறுவியது என்பது இன்று நினைக்குந்தோறும் வியப்புத் தருவதாகும். 1870 இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியும் 1921 இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியும் இணைந்தே புதிய நிறுவனம் உருப்பெற்றது. மருத்துவமும் விஞ்ஞானமும் மட்டும் போதும், ஏனையவற்றைப் போர் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்று விட்டிருந்தால் அதனைக் குறைகூற எவரும் இருந்திரார். முதலாவது உபவேந்தராகிய சேர் ஐவர் ஜெனிங்ஸ் சட்ட அறிஞர். அவர் காலத்திற் கீழைத்தேய மொழிகளுக்கும் உரிய இடம் அளிக்கப்பட்டது. 1943 ஆம் ஆண்டு சுவாமி விபுலாநந்தர் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

விபுலாநந்தரைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் பொருத்தமாகும். 1892 ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த அவரைத் தமிழ்ப் புலவராகவும் துறவியாகவுமே நாம் பெரிதும் போற்றி வந்துள்ளோம். அவர் கற்றதோ விஞ்ஞானம். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானத்தில் டிப்புளோமாப் பெற்று, பின் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்று, பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பித்தவர் அவர். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்ததும், சென்னையிற் கலைச்சொல்லாக்க முயற்சியில் இரசாயனம் முதலிய துறைகளுக்குச் சொற்கள் வகுப்பதில் ஈடுபட்டதும் இப்பின்னணியிலேயே நோக்கத்தக்கன. அவரது பெருநூலாகிய 'யாழ் நூல்' 1947 ஆம் ஆண்டு யூன் மாதம் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் வெளிவந்தது. அடுத்த மாதம் அவர் மறைந்தார். வழக்கொழிந்துபோன இசைக்கருவியொன்றின் நரம்புகளையும் சுருதிகளையும் பண்டை இலக்கியச் சான்றுகளிலிருந்து கணித முறையால் மீட்டெடுக்க முயன்ற அந்நூல், இலக்கியம் மட்டும் அறிந்தவராலோ கணிதம் மட்டும் அறிந்தவராலோ எழுதப்பட்டிருக்க முடியாதது.

யாழ் நூலாற் சந்தையில் ஒரு கொத்து அரிசியின் விலை குறையவில்லை. ஆனால், அவரும் அவரையொத்தோரும் தொடக்கி வைத்த கலைச்சொல் முயற்சியின் கதை வேறு. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறுஞ் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவை இல்லாதிருந்தால், கிராமத்துப் பாடசாலையொன்றிற் பௌதிகத்தையும் தாவரவியலையும் தமிழிற் கற்று வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வருதல் ஒருவர்க்கும் இயலாததாயிருந்திருக்கும். அச்சொற்றொகுதிகளை ஆக்குவதற்கு விஞ்ஞானம் தெரிந்தோரும் வேண்டப்பட்டனர். தொல்காப்பியமும் நிகண்டும் தெரிந்தோரும் வேண்டப்பட்டனர். இன்று விஞ்ஞான பீடமும் கலைப்பீடமும் ஒன்றன் செலவை மற்றது பறிப்பதுபோற் பேசப்படும்போது இச்செய்தி நினைவுக்கு வருதல் நன்று.

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்விக்கு முன்னின்று உழைத்தவர் அப்போதைய கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. போர்க்காலப் பொருளாதாரத்தின் நடுவே எடுக்கப்பட்ட முடிவு அது. கொரியப் போரால் இறப்பர் விலை உயர்ந்திருந்த ஆண்டுகளில் நாட்டின் கையிற் பணம் இருந்தது. பேராதனையிற் கட்டடங்கள் எழுந்தன. 1952 இன் பிற்பகுதியிற் பல்கலைக்கழகம் பெருமளவில் அங்கு பெயர்ந்தது. ஆனால், அச்செழிப்பு நீடிக்கவில்லை. மறு ஆண்டே ஒரு கொத்து அரிசியின் பங்கீட்டு விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்டு 12 ஆம் திகதி நாடளாவிய ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். மகாவலிக் கரையின் எழில்மிகு மண்டபங்களில் வதிந்த முதலாவது தலைமுறை மாணவர், நாட்டின் பொருளாதாரம் ஏற்றுமதிப் பயிர் மூன்றின் விலையிலே தொங்கிக்கொண்டிருப்பதை அங்கு சென்ற முதல் ஆண்டிலேயே கண்டுகொண்டனர்.

இக்காலப்பகுதியிற் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் தலைமையில் தமிழ்த்துறை தன் ஆய்வுமுறையை வகுத்துக்கொண்டது. கல்வெட்டு மொழியை வரலாற்று முறையில் ஆராய்ந்த அவரே யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழில் நாடகங்களும் எழுதினார். வி. செல்வநாயகத்தின் 'தமிழ் இலக்கிய வரலாறு' 1951 இல் வெளிவந்து தலைமுறைகள் பலவற்றின் பாடநூலாயிற்று. இவற்றை நாம் இங்கு விரித்துரைக்கவில்லை.

நமது பொருளுக்கு மிக இன்றியமையாதது 1960 இன் மாற்றமாகும். அவ்வாண்டு தொட்டுச் சிங்களத்தையும் தமிழையும் போதனாமொழியாகக் கொண்டு கற்ற மாணவர் கலைப்பீடங்களுட் புகுந்தனர். வித்தியோதய, வித்தியாலங்காரப் பல்கலைக்கழகங்கள் 1959 இலேயே தொடங்கப்பெற்றிருந்தன. 1942 இல் ஆயிரத்துக்குங் குறைவாயிருந்த மாணவர் தொகை 1960களின் நடுப்பகுதியிற் பத்தாயிரத்தைத் தாண்டிற்று. இப்பெருக்கத்தின் பெரும்பகுதி கலைத்துறையில் நிகழ்ந்தது. ஏன்? கிராமத்து மாணவர்க்கு விஞ்ஞானத்தில் விருப்பமில்லை என்பதாலன்று. கிராமத்துப் பாடசாலையில் ஆய்வுகூடம் இல்லை. விஞ்ஞான ஆசிரியரும் இல்லை. பல்கலைக்கழகத்திலும் விஞ்ஞான மாணவர் ஒருவரைச் சேர்ப்பதற்கு உபகரணம் வேண்டும். உபகரணத்துக்கு அந்நியச் செலாவணி வேண்டும். கலை மாணவருக்கோ ஒரு மண்டபமும் ஒரு விரிவுரையாளரும் போதுமெனக் கருதப்பட்டது. இலவசக் கல்வி எழுப்பிய எதிர்பார்ப்பை அரசு மிகக் குறைந்த செலவிலே நிறைவேற்ற முற்பட்டமையே கலைப்பீடங்கள் பெருத்தமைக்கு முதற் காரணமாகும். அவ்வாறு மலிவாக விரிக்கப்பட்ட கல்வியைப் பின்னர் 'பயனற்ற கல்வி' எனக் குற்றஞ்சாட்டியோர், அதனை மலிவாக விரித்தவர் எவரென்பதைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

மலிவின் விளைவுகள் கலைப்பீடத்தின் உள்ளேயும் தங்கின. இதனை நாம் மறைத்தலாகாது. தமிழ்மொழி மூலம் கற்பிக்கத் தொடங்கியபோது உயர்கல்விக்குரிய பாடநூல்கள் தமிழிற் போதியனவாக இருக்கவில்லை. நூலகத்தில் இருந்தவற்றுட் பெரும்பாலானவை ஆங்கில நூல்கள். வந்த மாணவருட் பலருக்கு அவை எட்டாக்கனி. விளைவு, விரிவுரையாளர் குறிப்புச் சொல்ல மாணவர் எழுதிக்கொள்ளும் பழக்கம் நிலைபெற்றது. பரீட்சையில் அக்குறிப்பு அவ்வாறே திரும்பி வந்தது. மூத்த மாணவரின் குறிப்புப் புத்தகம் இளையவர் கைக்கு மாறி, அவரிடமிருந்து அவர்க்கும் இளையவர் கைக்குச் சென்றதை அறியாதவர் நம்முள் அரியர். கலைத்துறைக் கல்வி சிந்தனையை வளர்க்கின்றது என்று நாம் மேடையிற் பேசும்போது இக்குறிப்புப் புத்தகமும் நம் கண்முன் நிற்றல் வேண்டும். மனப்பாடம் செய்யும் வரலாறும் மனப்பாடம் செய்யும் இலக்கணமும் நெருக்கடிக் காலத்தில் மட்டுமன்றி எக்காலத்திலும் பயனற்றனவே.

ஆயினும் அதே பத்தாண்டில், அதே பேராதனையில், பிறிதொரு வகைக் கல்வியும் நடைபெற்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1950களின் பிற்பகுதி முதல், இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவின் வாயிலாக, மட்டக்களப்பு, மன்னார், வன்னி முதலிய பகுதிகளின் கூத்து மரபுகளைத் தேடிச் சென்றார். படித்தவர்கள் 'நாட்டுக்கூத்து' என்று ஏளனமாக ஒதுக்கிவிட்ட கலை அது. கோவில் முன்றிலில் விடியுமளவும் ஆடப்பட்ட வடமோடிக் கூத்தினைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி, 1962 இல் 'கர்ணன் போர்' என்னும் பெயரிற் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு மேடையேற்றினார். 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்பன தொடர்ந்தன. மட்டக்களப்பு அண்ணாவிமார் பழக்க, பல்கலைக்கழக மாணவர் தாளக்கட்டுக் கற்றனர். எழுத்தறிவு குறைந்தவர் என எண்ணப்பட்ட ஒருவர் ஆசானாகவும், பட்டதாரியாகப் போகின்றவர் மாணாக்கராகவும் நின்ற அந்நிலையே அம்முயற்சியின் பெரும்பேறு என நாம் கருதுகின்றோம். மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்க நாடக ஏடுகளும் அவராற் பதிப்பிக்கப்பெற்றன. பேராதனையில் ஆடிய மாணவருட் பலர் பின்னர் ஆசிரியராகிக் கூத்தைப் பாடசாலைகளுக்குக் கொண்டுசென்றனர். இதற்குச் செலவான பணம் ஓர் ஆய்வுகூட உபகரணத்தின் விலைக்கும் ஈடாகாது.

1971 ஏப்பிரிற் கிளர்ச்சியின் பின்னரே கலைத்துறைப் பட்டதாரி ஒரு 'பிரச்சினை'யாக உருவெடுத்தார். அவ்வாண்டு டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. வேலைவாய்ப்புக்கும் இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மை அதன் மையப்பொருள்களுள் ஒன்றாகும். ஊதிய அமைப்பு, நிலவுடைமை, வெளிநாட்டு வாணிபம் எனப் பலவற்றையும் ஆராய்ந்த அறிக்கை அது. ஆனால் பொதுவாழ்விற் பலர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரேயொரு கருத்தை: பிழை கல்வியில் உள்ளது, அதிலும் கலைக் கல்வியில் உள்ளது. கிளர்ச்சியோடு தொடர்புடையோரெனச் சந்தேகிக்கப்பட்ட 10,192 பேரின் விபரங்களைக் கணநாத் ஒபயசேகர ஆராய்ந்து 1974 இல் வெளியிட்டார். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பாடசாலைக் கல்வியோடு நின்ற கிராமத்து இளைஞரேயன்றிப் பல்கலைக்கழகம் சென்றோரல்லர். எனினும் 'வேலையில்லாக் கலைப் பட்டதாரி' என்னும் உருவம் பொது மனத்தில் ஊன்றிவிட்டது. 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே நிறுவனத்தின் வளாகங்களாக்கப்பட்டன. தொழில்நோக்குடைய பாடநெறிகள் புகுத்தப்பட்டன. பாடநெறியின் பெயர் மாறினால் தொழில் தோன்றிவிடும் என்ற நம்பிக்கை அன்றே பொய்த்தது. பட்டத்தின் பெயரில் 'அபிவிருத்தி' என்ற சொல் இருப்பதாலே எந்த நிறுவனமும் புதிதாக ஓர் உத்தியோகத்தை ஆக்கிவிடாது.

1973 இல் எண்ணெய் விலை ஏறிற்று. உலகச் சந்தையில் தானிய விலையும் ஏறிற்று. பங்கீட்டரிசி குறைக்கப்பட்டது. பாணுக்கு விடியுமுன் வரிசை. மரவள்ளிக் கிழங்கு நாளாந்த உணவு. 1973–74 இல் மலையகத் தோட்டங்களிற் பட்டினியும் அதனோடு இயைந்த நோயும் உயிர்களைக் காவுகொண்டன. அங்கு இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளை விடக் கடுமையாக உயர்ந்தது. யாழ்ப்பாணத்திலோ இறக்குமதித் தடையால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்து, சிறு கமக்காரர் கல்வீடு கட்டினர். ஒரே கொள்கை ஓரிடத்தில் வாழ்வும் பிறிதோரிடத்திற் சாவுமாயிற்று. இந்த வேறுபாட்டைப் பொதுப்புள்ளிவிபரத்தின் சராசரி காட்டாது.

அதே இறக்குமதிக் கட்டுப்பாடு நூல்களையும் சஞ்சிகைகளையும் பாதித்தது. தென்னிந்திய வணிக இதழ்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டபோது, வாசகர் உள்ளூர் எழுத்தின்பாற் திரும்பினர். 'வீரகேசரி' நிறுவனம் 1970களில் ஈழத்து நாவல்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டது. 1966 முதல் டொமினிக் ஜீவா நடத்திவந்த 'மல்லிகை' முன்னரிலும் பரந்த கவனத்தைப் பெற்றது. தடையே இலக்கியத்தை ஆக்கிற்று எனக் கூறுதல் மிகை. கடதாசியும் அச்சு மையும் கூடத் தட்டுப்பாடாயிருந்த காலம் அது. எழுதவும் மதிப்பிடவும் பயிற்சி பெற்ற ஒரு தலைமுறை அதற்குமுன்பே உருவாகியிருந்ததனாலேயே அவ்வாய்ப்பைப் பயன்கொள்ள முடிந்தது. 1960 இலே பேராதனைக் கலைப்பீடத்தில் விதைத்தது 1970களில் இவ்வாறு அறுவடையாயிற்று. கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் பேர்மிங்காமில் ஆய்வு செய்து, 1968 இற் பண்டைத் தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூலை வெளியிட்ட க. கைலாசபதி, அதற்கு முன்னர் 'தினகரன்' ஆசிரியராக இருந்து ஈழத்து எழுத்தாளருக்குக் களம் அமைத்தவர். ஆய்வும் பத்திரிகையும் அவரிடம் வேறு வேறாக நிற்கவில்லை.

1974 ஆம் ஆண்டு, அதாவது பாண் வரிசை நீண்டிருந்த அதே காலத்தில், யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்தில் தொடங்கப்பெற்றது. கைலாசபதி அதன் முதலாவது தலைவரானார். 1979 இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோது வித்தியானந்தன் உபவேந்தரானார். வளாகம் தோன்றியபோது அதனை அரசியல் நோக்கில் எதிர்த்தோரும் உளர். அவ்விவாதத்துள் நாம் இங்கு புகவில்லை. பேராசிரியர் கா. இந்திரபாலாவின் வழிகாட்டலில் அங்கு வளர்ந்த வரலாற்றுத்துறை, யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொன்மைக் குடியிருப்புக்களை மேலாய்வு செய்யத் தொடங்கியது. பொருள் வசதி மிகச் சொற்பம். 1980 ஆம் ஆண்டளவில் ஆனைக்கோட்டையில் நடைபெற்ற அகழ்வில் பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமக் குழியொன்றிலிருந்து சிறிய முத்திரையொன்று கிடைத்தது. மேல்வரியிற் குறியீடுகளும் கீழ்வரியிற் பிராமி எழுத்துக்களும் பொறிக்கப்பட்ட அம்முத்திரை, குடாநாட்டின் ஆதிவரலாறு பற்றிய ஆய்வுக்கு ஒரு திருப்புமுனையாயிற்று. அங்குக் கிடைத்த சான்றுகளைப் பொ. இரகுபதி 1987 இல் நூலாக வெளியிட்டார். அதற்கு முன்னரும் பின்னரும் இந்நாட்டில் யார் முதலில் வந்தோர், யார் பின்வந்தோர் என்பது பற்றி மேடைகளிற் சொரியப்பட்ட சொற்கள் எத்தனை! அவற்றின் நடுவே, மண்ணடுக்கை அளந்து, மட்பாண்டத் துண்டுக்கு இலக்கமிட்டு, 'சான்று இதுவரைதான் செல்கிறது' எனக் கூறும் ஒழுக்கத்தைக் கற்பித்தது அந்தச் சிறு துறையே. இந்திரபாலா தமது 1965 ஆம் ஆண்டு ஆய்வேட்டின் முடிபுகளிற் சிலவற்றைப் பின்னாளிற் புதிய சான்றுகளின் அடிப்படையில் தாமே மாற்றியெழுதினார். தம் கருத்தைத் தாமே திருத்துவது அரசியல் மேடையில் தோல்வி. ஆய்வில் அது கடமை.

1981 யூன் முதலாந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. நூல்கள் பயனற்றவை என்று கருதியோர் அதனைச் செய்திரார். இரண்டு ஆண்டில் 1983 யூலையும், அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட போரும் வந்தன. அக்காலத்திலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் மின்சாரமும் கடதாசியும் மண்ணெண்ணெயும் அரிதாகிய நிலையிலும் வகுப்புக்களை நடத்தியது. கிழக்கில் 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகம் தோன்றியது. அப்பகுதியைத் தனியே எழுதுதல் வேண்டும். 2005 இல் இளைஞர் சிலராற் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் எண்ணிம நூலக முயற்சி, எரிந்தவற்றையும் சிதறியவற்றையும் தேடிச் சேர்த்துப் பொதுவில் வைத்துள்ளது. தன்னார்வத்தால் வளர்ந்த அம்முயற்சி இன்றி, ஈழத்துச் சஞ்சிகைகளைப் பற்றி இன்று ஆய்வு செய்வோருட் பலர் தொடங்கவே முடியாது.

இனி 2022 இன் நெருக்கடிக்கு மீள்வோம். 2019 டிசெம்பரில் வரிகள் குறைக்கப்பட்டமை, 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டமை, அந்நியச் செலாவணி வற்றியபின்னரும் கடனை மறுசீரமைக்கத் தாமதித்தமை என்பன இந்நெருக்கடியின் காரணங்களுட் பரவலாகக் குறிப்பிடப்படுவன. உரத் தடையின் விளைவு யாதாகும் என்பதை அறிந்த விவசாய விஞ்ஞானிகள் நாட்டில் இருந்தனர், எச்சரிக்கையும் செய்தனர். இல்லாதிருந்தது தொழில்நுட்ப அறிவன்று. ஓர் அரசு எவ்வாறு முடிவெடுக்கின்றது, எவர் சொல்லைக் கேட்கின்றது, எவர் சொல் ஏன் செவியேறுவதில்லை என்பன வரலாற்றுக்கும் அரசறிவியலுக்கும் உரிய வினாக்கள். 2023 மார்ச்சில் இலங்கை சர்வதேச நாணய நிதியத்துடன் செய்துகொண்டது பதினேழாவது ஏற்பாடாகும். முதலாவது 1965 இல் நிகழ்ந்தது. ஒரே வாயிலிற் பதினேழு முறை சென்று நின்ற வரலாற்றை, நம் பாடசாலைப் பிள்ளை எந்த வகுப்பிற் கற்கின்றது? மன்னர் குளங்கட்டிய ஆண்டுகளை மனனஞ் செய்யும் பிள்ளைக்கு 1953 உம் 1973 உம் வெறும் எண்களாகவே உள்ளன.

தொழில் பற்றிய வினாவையும் தட்டிக்கழிக்க முடியாது. கடந்த இருபது ஆண்டுகளில் அரசாங்கங்கள் தேர்தற் காலங்களையொட்டிப் பல்லாயிரம் பட்டதாரிகளை அபிவிருத்தி உத்தியோகத்தர் எனவும் பயிலுநர் எனவும் சேர்த்துக்கொண்டன. பிரதேச செயலகங்களிற் கதிரையும் மேசையும் போதாத நிலையில் அவர்களுட் பலர் அமர்ந்திருந்ததை நாம் கண்டுள்ளோம். அவர்கள் கற்றவற்றுக்கும் அவர்களுக்கு இட்ட பணிக்கும் தொடர்பேதும் இருக்கவில்லை. அதே அலுவலகங்களில் தமிழ் அரசகரும மொழியாகி ஆண்டுகள் பல கழிந்தும் மொழிபெயர்ப்பாளர் போதாமை நீடிக்கின்றது. 1987 ஆம் ஆண்டுப் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் தனிச் சிங்களத்தில் வந்த கடிதத்தைப் பிறரிடம் கொடுத்து வாசிக்கும் தமிழ் முதியவர் இன்றும் உளர். பிழையான தமிழில் எழுதப்பட்ட அரச அறிவித்தற் பலகைகளோ நகைச்சுவைக்குரிய பொருளாகிவிட்டன. மருந்துச்சீட்டின் விளக்கமும், வங்கிக் கடன் நிபந்தனையும், நீதிமன்ற அழைப்பாணையும் விளங்காத மொழியில் வருவதால் ஏழைக்கு நேரும் இழப்பு பொருளாதார இழப்பேயாகும். இரு மொழியும் நன்கு கற்ற கலைப் பட்டதாரிக்குச் செய்ய வேலை இல்லை என்பது உண்மையன்று. அவ்வேலைக்கு அவரை ஆயத்தஞ் செய்யும் கலைப்பீடமும், அவ்வேலைக்கு அவரை அமர்த்தும் அரசும் இல்லை என்பதே உண்மை. சிங்களம் அறியாத தமிழ்ச் சிறப்புக்கலைப் பட்டதாரியையும் தமிழ் அறியாத சிங்களச் சிறப்புக்கலைப் பட்டதாரியையும் ஒரே வளாகத்தில், அடுத்தடுத்த மண்டபங்களில், நான்கு ஆண்டுகள் வைத்திருந்து அனுப்பியமைக்கு நாம் எவர்மீதும் பழி சுமத்த முடியாது.

பேராதனை வளாகத்தைச் சூழ்ந்துள்ளவை தேயிலை மலைகள். அம்மலைகளிலிருந்து கலைப்பீடத்துக்கு வரும் மாணவர் தொகை, தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற 1970களின் பின்னரே மெல்ல மெல்ல உயரலாயிற்று. 1973–74 இல் அத்தோட்டங்களில் நிகழ்ந்தவை பற்றிப் பொருளியலாளர் இறப்பு வீதங்களைத் தந்துள்ளனர். ஆனால், எந்தத் தோட்டத்தில் எவர் எதனை உண்டு உயிர்பிழைத்தனர், எவர் லயத்தை விட்டு நகரத்தெருவுக்கு இறங்கினர், கூட்டுறவுக் கடையில் மாவு வந்த நாளில் யார் முன்னே விடப்பட்டார், யார் பின்னே தள்ளப்பட்டார் என்பவற்றை அட்டவணைகள் சொல்லா. கூப்பன் புத்தகங்களும் செக்றோல் ஏடுகளும் தோட்டந்தோறும் கறையானுக்கு இரையாகின்றன. அவற்றை வாசித்தறியவும், முதியோரின் வாய்மொழியை அவர்தம் பேச்சுவழக்குச் சிதையாமற் பதிவு செய்யவும் பயின்றோர் தமிழ், வரலாறு, சமூகவியல் ஆகிய துறைகளில் உள்ளனர். வேண்டுவன ஓர் ஒலிப்பதிவுக் கருவி, ஒரு குறிப்பேடு, பேருந்துக் கட்டணம். 1973 இல் இருபது வயதினராயிருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர்.